மைனஸ் 82

அம்மாவின் வலது சிறுநீரகத்தில் கட்டி இருப்பதாக அல்ட்ராசவுண்டில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் சிடி. ரேடியாலஜிஸ்ட் திரையில் கட்டியின் மேல் மவுஸால் ஒரு சின்ன வட்டம் போட்டார். பக்கத்தில் எண் வந்தது: மைனஸ் 82. "கொழுப்புங்க. பெரும்பாலும் புற்றுநோயா இருக்காது" என்றார். பன்னிரண்டு வருஷமாக கோட் எழுதுகிறேன். ஓர் எண்ணைப் பார்த்து அழுதது அன்றைக்குத்தான்.

சாதாரண எக்ஸ்ரேயில் குடலின் காற்று கறுப்பு, முதுகெலும்பு வெள்ளை. நடுவே கல்லீரல், கணையம், கட்டி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்த சாம்பல் நிழல். வயிற்றில் கை வைத்தால் கட்டி தட்டுப்படும். என்ன கட்டி என்று தெரிய பல நேரம் திறந்தே பார்க்க வேண்டியிருந்தது.

இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத பொறியாளர். பழைய லேத் ஒன்றின் மேல்தான் முதல் சோதனைக் கருவியைக் கட்டினார். ஒரு படத்துக்கு 28,000 அளவீடுகள், ஒன்பது நாள். அதைக் கணக்குப் போட கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். அந்த ஆரம்பகாலச் சோதனைகளில் ஒரு பன்றியின் சிறுநீரகப் பகுதியும் உண்டு.

ஆனால் 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், முதல் நோயாளிக்கு எடுத்தது மூளையை. காரணம் எளிது: தலை அசையாமல் இருக்கும், தண்ணீர்ப் பெட்டிக்குள் பொருந்தும். வயிறு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். ஒரு ஸ்கேனுக்கோ நாலைந்து நிமிஷம். ஜார்ஜ்டவுனில் ராபர்ட் லெட்லி (படித்தது பல் மருத்துவம்!) 1974 வாக்கில் தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிவிட்டு முழு உடலையும் உள்ளே விட்டார். அப்போதும் நிமிஷக் கணக்குதான். 1975இல் இ.எம்.ஐ.யின் உடல் ஸ்கேனர் அதைச் சுமார் 20 விநாடியாக்கியது. அதாவது, ஒரு மூச்சை அடக்கும் நேரம்.

எனக்குப் பிடித்தது ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரிலுள்ள அளவுகோல். தண்ணீர் 0. காற்றை முதலில் மைனஸ் 500 என்று வைத்து, பின்னால் மைனஸ் 1000 ஆக்கினார்கள், வெர்ஷன் டூ. கொழுப்பு மைனஸ் 100க்குப் பக்கத்தில். வெறும் நீர்க்கட்டி 0க்கும் 20க்கும் நடுவே. தசையும், பெரும்பாலான புற்றுக்கட்டிகளும் 40ஐ ஒட்டி வந்து நம்மைக் குழப்பும். அங்கே எண் மட்டும் போதாது, கான்ட்ராஸ்ட் மருந்து வேண்டும், பயாப்ஸி வேண்டும். சிறுநீரகக் கட்டிக்குள் கொழுப்பு தெரிந்தால் மட்டும் பெரும்பாலும் ஆஞ்சியோமயோலிபோமா. அம்மாவுக்கு அதுதான்.

ஆட்டோவில் வரும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்: "மூச்சை அடக்குன்னு மெஷின் சொல்லுச்சுடா. விடச் சொல்றதுக்குள்ள கொஞ்சம் விட்டுட்டேன். ரிப்போர்ட் தப்பா வந்திருக்குமோ?"