வெசாக் தோரணத்தில் இல்லாத சித்தார்த்தன்

வெசாக் காலத்தில் டவுணுக்குப் போனா தோரணம் பாத்திருப்பீங்கதானே. கலர் பல்ப் மின்ன மின்ன, வருஷா வருஷம் அதே கதைதான். அரண்மனையில் பொத்திப் பொத்தி வளர்த்த இளவரசன் ஒரு கிழவரையும் நோயாளியையும் பிணத்தையும் துறவியையும் பார்க்கிறான். பிறகு நடுச்சாமத்தில், தூங்கிக்கொண்டிருக்கும் யசோதராவையும் குழந்தை ராகுலனையும் விட்டுட்டு கந்தகன் என்ற குதிரையில் கிளம்பிடுகிறான்.

பழைய பாளி சுத்தங்களில் தேடிப் போனா கதை வேற மாதிரி இருக்கு. அந்த நாலு காட்சியும் தீக நிகாயத்தில் வருது, ஆனால் விபஸ்ஸி என்ற முந்தைய புத்தர் ஒருவரின் வாழ்க்கையில். கோதமரோடு அதைச் சேர்த்தது பிற்கால வரலாறுகள். அரியபரியேசன சுத்தத்தில் அவரே தன் கதையைச் சொல்கிறார்: தலைமுடி கறுத்திருந்த இளவயதில், பெற்றோர் விருப்பமில்லாமல் கண்ணீர் விட்டு அழ, தலையை மழித்து வெளியேறினார். குதிரையும் இல்லை, நடுச்சாமமும் இல்லை. யாருக்கும் தெரியாமல் போறதைவிட, அழுகிறவங்க முகத்தைப் பாத்துட்டுப் போறது கஷ்டம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பிய லயத்து வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்பா சுத்தோதனரும் பேரரசர் இல்லை. சாக்கியர் கோசல அரசுக்குக் கட்டுப்பட்ட ஒரு சிறு குடி, மன்றத்தில் கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள். அதுக்காக ஏழை வீடுன்னும் சொல்ல முடியாது. பருவத்துக்கு ஒன்றாக மூன்று மாளிகை இருந்ததாக அங்குத்தர நிகாயம் சொல்லுது.

எனக்குப் பிடித்த இடம் மகாசச்சக சுத்தம். அப்பா வேலையில் இருக்கிறார். பையன் நாவல் மர நிழலில் உட்கார்ந்து, முதன்முதலாக மனம் ஒன்றிப்போகிறான். பின்னாளில் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகி, இது வழியில்லைன்னு புரிந்தபோது அவருக்கு ஞாபகம் வந்தது அந்த நிழல்தான். அப்பா செய்த அந்த வேலையை உரைகாரர்கள் பிறகு தங்கக் கலப்பை பூட்டிய ஏர்விழாவாக்கிட்டாங்க. தோரணத்தில் வரைய அதுதான் வசதி!

இந்தச் சுத்தங்கள் முதன்முதலாக ஏட்டில் ஏறியது கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில். எழுதிய இடம் மாத்தளைக்குப் பக்கத்தில் இருக்கும் அலுவிகாரை என்பது இலங்கை மரபு. கோப்பிக் காலத்தில் நம்ம பூட்டன் பூட்டிமார் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்த பாதையும் அந்தப் பக்கம்தான். காலராவும் பசியும் பலரை வழியிலேயே கொன்ற பாதை அது. மாத்தளையில் தம்புள்ளை பஸ் ஏறினா, கொஞ்ச நேரத்திலேயே பாறைகளுக்கு நடுவில் விகாரை தெரியும்.