ஆர்க்கிடெக்ட் என்று யார் போட்டுக்கொள்ளலாம்?

மும்பை போகிற எல்லோரும் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் நின்று ஒரு படமாவது எடுத்துக்கொள்வார்கள். அதை வடிவமைத்தவர் ஜார்ஜ் விட்டெட். அவர் பெயர் இன்னொரு கதையிலும் வருகிறது.

1917 மே 12. ஜே.ஜே. கலைப் பள்ளியில் கட்டிடக்கலை படித்த முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பம்பாயில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயரே கட்டிடக்கலை மாணவர் சங்கம்தான். முதல் தலைவர் விட்டெட். 1922-ல் அது பம்பாய் கட்டிடக்கலைச் சங்கம் ஆனது. 1925-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூட்டுடன் இணைந்தது. 1929-ல் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ் என்று பெயர் மாறியது. பன்னிரண்டே வருடத்தில் ஓர் ஊர்ச் சங்கம் நாட்டுக்கே பொதுவாகிவிட்டது!

சங்கம் இருந்தால் போதுமா? படிக்காதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று போர்டு மாட்டினால் தடுக்கச் சட்டம் வேண்டாமா? அது வர 1972 ஆகிவிட்டது. அதன்பின், பதிவு செய்தவர் மட்டுமே அப்படிப் போட்டுக்கொள்ள முடியும்.

ஆனால் சட்டம் காப்பது பெயரையா, தொழிலையா? பெயரை மட்டும்தான் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவில்லாதவர் வடிவமைப்பு வேலை செய்வதை இந்தச் சட்டம் தடுக்காது. பெயரைத்தான் போட்டுக்கொள்ளக் கூடாது.

சிவில் படிப்பவர்களும் ஆர்க்கிடெக்சர் படிப்பவர்களும் கேன்டீனில் போடும் சண்டை இதுதானே நண்பர்களே? பெயர் பெரிதா, வேலை பெரிதா? எனக்கு இரண்டும் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. இடிந்து விழுந்தால் யாரைக் கேட்பது என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டுமே!