எண்ணிக்கை குறைந்ததா, குறைக்கப்பட்டதா? சிக்காகோ பள்ளி ஒன்றின் வரலாறு

அரசுப் பள்ளியை மூடும்போது அதிகாரத்தில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், "பிள்ளைகள் சேருவதில்லை" என்பதுதான். எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. இதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 2015இல் மூடப்பட்ட வால்டர் டையெட் உயர்நிலைப் பள்ளியின் கதையைத் தோழர்கள் படிக்க வேண்டும்.

பள்ளி இருப்பது நகரின் தெற்கே, பிரான்ஸ்வில் வட்டாரத்தில். தென் மாநிலங்களின் இனவெறியிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்களுக்கு நகரின் மற்ற பகுதிகளில் வீடு கிடைக்கவில்லை. அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்து, தமக்கென ஒரு பண்பாட்டை உருவாக்கிய இடம் இது. இங்குள்ள அரசுப் பள்ளிகளில் இசை கற்பித்தவர் வால்டர் டையெட். புகழ்பெற்ற பாடகர் நாட் கிங் கோல் அவருடைய மாணவர். அந்த ஆசிரியரின் பெயரைத்தான் பள்ளிக்கு வைத்தார்கள்.

இதே வட்டாரத்தில் ராபர்ட் டெய்லர் குடியிருப்பு இருந்தது. 16 மாடிகள் கொண்ட 28 கட்டடங்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு அரசு கட்டிய வீடுகள் அவை. 2007க்குள் அரசே அவை அனைத்தையும் இடித்துவிட்டது. வீடு போனால் அந்த வீட்டுப் பிள்ளைகளும் போவார்கள். அதற்குப் பெயர் "சேர்க்கை சரிவு".

2012இல் பள்ளி வாரியம் டையெட் பள்ளியைப் படிப்படியாக மூட முடிவெடுத்தது. வாரிய உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மேயர் நியமித்தார். ஒன்பதாம் வகுப்புக்கு ஆள் சேர்ப்பது நின்றது. ஆண்டுக்கு ஒரு வகுப்பு காணாமல் போனது. ஆசிரியர்கள் குறைந்தார்கள், பாடங்கள் குறைந்தன. 2015இல் கடைசியாகப் படிப்பு முடித்த வகுப்பில் 13 பேர்தான். 2013இல் இதே நகரம் ஏறத்தாழ 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தபோதும் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகளே.

வட்டார மக்கள் வெறுமனே எதிர்த்துக்கொண்டிருக்கவில்லை. பசுமைத் தொழில்நுட்பத்தையும் தலைமைப் பண்பையும் மையமாக வைத்து, பள்ளி எப்படி இயங்க வேண்டும் என்று தாங்களே திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். வாரியம் இழுத்தடித்தது. 2015 ஆகஸ்ட் 17 அன்று பெற்றோர், ஆசிரியர் உள்ளிட்ட 12 பேர் உண்ணாநிலைப் போராட்டத்தில் இறங்கினார்கள். அது 34 நாட்கள் நீடித்தது. இடையில், செப்டம்பர் 3 அன்று, கலைகளை மையமாகக் கொண்ட பள்ளியாக மீண்டும் திறப்போம் என்று நிர்வாகம் அறிவித்தது. மக்கள் எழுதிய திட்டம் ஏற்கப்படாததால் போராட்டம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 2016இல் பள்ளி திறந்தது.

இதை முழு வெற்றி என்று நாம் சொல்ல மாட்டோம். மக்களின் திட்டம் நிறைவேறவில்லை. படிப்படியாக மூடிய ஆண்டுகளில் அங்கே படித்த பிள்ளைகள் இழந்த பாடங்களை யாரும் திருப்பித் தரவில்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் யார் உட்கார வேண்டும் என்ற கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை. பல அமைப்புகளின் நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு, 2024இல் சிக்காகோ முதன்முறையாகப் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் நடத்தியது. அதில் வென்றவர்களில் ஒருவர் ஜிட்டு பிரவுன், உண்ணாநிலை இருந்தவர்களில் ஒருவர்.

நம் பகுதிப் பள்ளியைப் பற்றி யாராவது "எண்ணிக்கை இல்லை" என்றால், பத்து ஆண்டுச் சேர்க்கைக் கணக்கை எடுப்போம். அதன் பக்கத்தில், அதே ஆண்டுகளில் எந்தக் குடியிருப்பை அகற்றினார்கள், எந்த ஆசிரியர் பணியிடத்தை நிரப்பவில்லை, எந்த வகுப்பை நிறுத்தினார்கள் என்று எழுதுவோம். பிறகு பேசப் போவோம்.