இரண்டு மேன்ஹோல்கள்

மேன்ஹோல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் வருவது தெருவின் நடுவே திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழிதான். மலக்குழி மரணங்களைப் பற்றிப் பேசிப் பேசி அந்தச் சொல்லே நமக்கு அப்படிப் பழகிவிட்டது. இதே சொல் இன்னொரு இடத்திலும் புழங்குகிறது. பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய் தேக்கி வைக்கும் பெரிய இரும்புத் தொட்டிகளின் அடிப்பக்கத்தில், ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு, போல்ட் போட்டு இறுக்கி மூடிய வட்டத் துளை ஒன்று இருக்கும். அதற்கும் மேன்ஹோல் என்றுதான் பெயர்.

இரண்டு துளைகளுக்குள்ளும் இருக்கும் ஆபத்து ஏறக்குறைய ஒன்றே. ஆக்சிஜன் இருக்காது, விஷவாயு இருக்கும், ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். ஆனால் இரண்டுக்கும் சட்டம் வேறு, வரலாறு வேறு. எண்ணெய்த் தொட்டிக்கு விதிகள் எப்படி, எந்தச் சாவுகளுக்குப் பிறகு எழுதப்பட்டன என்று தெரிந்துகொண்டால், சாக்கடைக்கு ஏன் அப்படி எழுதப்படவில்லை என்ற கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்கலாம். அதனால்தான் நமக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தெரியும் இந்த விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

சென்னைக்காரர்கள் எண்ணெய்த் தொட்டி எரிவதைப் பார்த்தது ஒரு போரில். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சில நிமிடங்களில் சுட்டது. குறி வைத்தது கரையோரம் நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளை. அவை எரிந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். கப்பலும் கேப்டனும் வழக்குச் சொல்லாகிவிட்டார்கள், எரிந்த தொட்டிகளை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தத் தொட்டிகள் இருந்த வடசென்னையைத்தான் எண்ணெய் அதற்குப் பிறகும் தன் இருப்பிடமாக வைத்துக்கொண்டது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை முனையங்கள், 1965இல் நிறுவனமாகத் தொடங்கி 1969இல் உற்பத்திக்கு வந்த மணலி சுத்திகரிப்பு ஆலை, துறைமுகத்திலிருந்து ஊருக்கு அடியில் ஓடும் குழாய்கள் என எல்லாம் வடக்கேதான். நகரத்துக்கு வேண்டும், ஆனால் பக்கத்தில் வேண்டாம் என்கிற எதுவும் நம் பட்டணத்தில் வடக்கே போகும். குப்பை மேடும் அனல்மின் நிலையச் சாம்பலும் அப்படிப் போனவைதான்.

தொட்டியைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். பெட்ரோல் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது அதன் ஆவி. காற்றில் அந்த ஆவி ஏறக்குறைய ஒன்றரை விழுக்காட்டைத் தொட்டாலே பற்றிக்கொள்ளும். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல், தண்ணீர்போலத் தரையோடு பரவி பள்ளத்தில் தேங்கும். இந்திய விதிகள் எண்ணெய்களை வகை பிரிப்பதும் இந்த அடிப்படையில்தான்: 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே பற்றும் ஆவியை விடுவது ஏ வகுப்பு. பெட்ரோல் அதில் வரும். அதனால்தான் பெட்ரோல் தொட்டிகளுக்கு 1920களிலிருந்து மிதக்கும் கூரை வந்தது. எண்ணெயின் மேலேயே கூரை மிதந்து, எண்ணெய் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கும். இடையில் ஆவி சேர இடமே இருக்காது. தொட்டியைச் சுற்றி டைக் என்கிற தடுப்புச் சுவர் கட்டுவார்கள். உள்ளே இருக்கும் தொட்டிகளில் பெரியது உடைந்தாலும் அதிலுள்ள அத்தனையும் அந்தச் சுவருக்குள் நிற்க வேண்டும் என்பது கணக்கு. மழைத்தண்ணீர் வெளியேற அந்தச் சுவரில் ஒரு வால்வு உண்டு. தண்ணீர் விடும் நேரம் தவிர அது எப்போதும் மூடியிருக்க வேண்டும்.

இந்தச் சின்ன வால்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலை. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு முனையத்தில் 912ஆம் எண் தொட்டிக்குக் குழாய் வழியாக பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அளவுகாட்டி நடுவில் சிக்கி நின்றுவிட்டது. தொட்டி நிரம்ப நிரம்ப, திரையில் அளவு மாறவே இல்லை. அளவு மீறினால் தானாக நிறுத்த வேண்டிய தனிச் சுவிட்சும் வேலை செய்யவில்லை. வழிந்த பெட்ரோல் ஆவி மேகமாகி வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் தீயில் சிக்கின, 43 பேர் காயமடைந்தார்கள். விடுமுறை நாள் விடியற்காலை என்பதால் ஒருவரும் சாகவில்லை. 2010இல் ஐந்து நிறுவனங்களை நீதிமன்றத்தில் நிறுத்தி, அபராதமும் செலவுமாக ஏறக்குறைய ஒரு கோடி பவுண்டு கட்ட வைத்தார்கள். ஒரு சாவுகூட இல்லாத விபத்துக்கு!

நான்கு ஆண்டுகள் கழித்து, 2009 அக்டோபர் 23 அன்று, புவேர்ட்டோ ரிக்கோவில் இன்னொரு பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து இதேபோல் வெடித்தது. அதற்கு ஆறே நாளில் ஜெய்ப்பூர்.

ஜெய்ப்பூர் சீதாபுராவில் இருந்தது இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முனையம், 11 தொட்டிகள். அக்டோபர் 29 மாலை, பக்கத்திலிருந்த பாரத் பெட்ரோலியம் முனையத்துக்குப் பெட்ரோல் அனுப்பும் வேலை தொடங்கியது. தொட்டியின் வாயில் ஹேமர் பிளைண்ட் என்றொரு பழைய வகை வால்வு. அதன் தகட்டை மாற்றும்போது மேல்பக்கம் திறந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் தொட்டியை ஒட்டிய வால்வு கட்டாயம் மூடியிருக்க வேண்டும். அது திறந்திருந்தது. பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு மேலே எழுந்தது. அங்கே நின்றவர் ஆவியில் திணறினார், உதவிக்கு ஓடியவர்களும் மயங்கினார்கள். மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு போய் வால்வை மூட யாரும் இல்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்தே வால்வை மூடும் வசதி பல ஆண்டுகளாகச் செயலிழந்து கிடந்தது. தடுப்புச் சுவரின் மழைநீர் வால்வு, நினைவிருக்கிறதல்லவா, அதுவும் திறந்திருந்தது. பெட்ரோல் வடிகால் வழியே வளாகம் முழுக்கப் பரவியது. காற்றே வீசாத மாலை. ஏறக்குறைய 75 நிமிடம், ஆயிரம் டன் அளவுக்குக் கசிந்த பிறகு, இரவு ஏழரை மணி வாக்கில் வெடித்தது. 11 தொட்டிகளும் எரிந்தன. அணைக்க முடியாது என்று முடிவு செய்து, தானாக எரிந்து அடங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். 11 நாள் எரிந்தது.

விசாரணைக் குழுவின் கணக்குப்படி 11 பேர் இறந்தார்கள். ஆறு பேர் முனையத்தின் ஆட்கள். ஐந்து பேருக்கும் பெட்ரோலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள். இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் முன்னாள் தலைவர் எம்.பி. லால் தலைமையிலான அந்தக் குழு, 2010இல் நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளைக் கொடுத்தது. ஹேமர் பிளைண்டை ஒழிக்க வேண்டும், வால்வுகள் தொலைவிலிருந்தே மூட வேண்டும், ஆவி கசிந்தால் கண்டுபிடிக்கும் கருவிகள் வேண்டும் என்று நீண்ட பட்டியல். அந்த அறிக்கை நல்ல அறிக்கை, பொறியியல் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டியது. பன்ஸ்ஃபீல்டு பாடம் நான்கு ஆண்டுகளாக உலகத்துக்கே தெரிந்திருந்தும் சீதாபுராவுக்கு ஏன் வந்து சேரவில்லை என்ற கேள்விக்குப் பொறியியலில் பதில் கிடையாது. எண்ணெய்த் துறைக்கென்று பாதுகாப்பு இயக்ககம் ஒன்று போபாலுக்குப் பிறகு, 1986இல் அமைக்கப்பட்டது. அது பெட்ரோலிய அமைச்சகத்துக்குக் கீழே இருக்கிறது. அதில் பணிபுரிபவர்கள் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனங்களிலிருந்தே அயற்பணியில் வருகிறார்கள். நாளைக்குத் திரும்பிப் போக வேண்டிய வீட்டை இன்று ஒருவர் எவ்வளவு கறாராகச் சோதிப்பார்?

இனி மேன்ஹோலுக்கு வருவோம். எந்தத் தொட்டியையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்து, உள்ளே இறங்கிச் சுத்தம் செய்து, அடித்தகடு அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கச்சா எண்ணெய்த் தொட்டியின் அடியில் கரும்சகதி படிந்திருக்கும். கிளறினால் அதிலிருந்து மறுபடியும் ஆவி கிளம்பும். காலையில் சோதித்தபோது சுத்தமாக இருந்த காற்று மதியம் ஆளைச் சாய்க்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பார்கள். அளவு கூடினால் அது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். சுவரில் படிந்த இரும்பு சல்பைடுத் துகளைச் சுரண்டி உலரவிட்டால், நெருப்பு வைக்காமலே காற்று பட்டுப் பற்றிக்கொள்ளும். அதை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நச்சு ஆவி இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதிலும், தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தந்த பிறகே ஆள் இறங்கலாம். இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக் கருவி அணிந்திருக்க வேண்டும், இடுப்பு வாரில் கயிறு கட்டியிருக்க வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்கிறது 36ஏ. குடியரசு பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட கயிறு இது.

அந்தக் கயிறு தொழிற்சாலையின் மதில் வரைக்கும்தான் நீண்டது. நகராட்சியின் பாதாளச் சாக்கடை தொழிற்சாலை ஆகாது, அடுக்குமாடி வீட்டின் செப்டிக் டேங்கும் ஆகாது. அங்கே இறங்கியவருக்கு 65 ஆண்டுகள் கழித்து 2013இல்தான் ஒரு சட்டம் வந்தது. அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதிலும் அபாயகரமான சுத்தம் என்பதற்கு என்ன பொருள் தெரியுமா? பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்குவது. கருவி கொடுத்துவிட்டால் இறக்கலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாக்கடைச் சாவுக்கும் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. சாவுக்கு விலை ஏறியிருக்கிறது, காற்றைச் சோதிக்கும் கருவி மட்டும் தெருவுக்கு வந்து சேரவில்லை. அந்தக் கருவி மணலியிலும் தண்டையார்பேட்டையிலும் மதிலுக்கு உள்ளே பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாக்கடைக் குழியில் தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்க்கிறார்கள்.

அறிவியல் தெரியாமல் நடப்பதாக இதைச் சொல்ல முடியாது. எண்ணெய்த் தொட்டி வெடித்தால் பல கோடி ரூபாய் எரியும், அதனால் அந்த மேன்ஹோலுக்கு அனுமதிச் சீட்டு வந்தது. சாக்கடை மேன்ஹோலில் போவது ஓர் உயிர் மட்டும். ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுத்தபோது, சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் 92 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என்றும், பட்டியல் சாதியினர் மட்டுமே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் என்றும் தெரியவந்தது.

அப்படியானால் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குபவர் பத்திரமாக இருக்கிறாரா? சட்டத்தில் இருக்கிறார். தொட்டியைச் சுத்தம் செய்வதும் பற்றவைப்பதும் பெயின்ட் அடிப்பதும் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளி செய்யும் வேலை இல்லை. நிறுவனம் ஒப்பந்தக்காரரிடம் தரும், அவர் உள்ஒப்பந்தக்காரரிடம் தருவார், அவர் ஆள் பிடித்து வருவார். 2023 டிசம்பர் கடைசி வாரத்தில் தண்டையார்பேட்டை முனையத்தில் எத்தனால் தொட்டி ஒன்று வெல்டிங் வேலையின்போது வெடித்து ஒரு தொழிலாளி செத்துப்போனார். தீப்பொறி பறக்கும் வேலைக்கு முன்பு தொட்டியில் ஆவி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, அள்ளியது மீனவர்களின் கையும் வாளியும். 2017இல் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே வாளிதான். உள்ளே போகும்போது எண்ணெய்க்கு மிதக்கும் கூரை, வெளியே கொட்டிவிட்டால் நம் கை!

நாம் படித்த எந்த விபத்து அறிக்கையிலும் இறந்தவரின் சாதிக்கு ஒரு கட்டம் இல்லை. நிரந்தரமா, ஒப்பந்தமா, எந்த ஒப்பந்தக்காரர், எத்தனை அடுக்குக்குக் கீழே என்பதற்கும் பல நேரம் விடை இருப்பதில்லை. இதைக் கேட்க வேண்டிய வேலை நம்முடையது. ஒரு தொட்டிச் சாவு நடந்தால் முதலில் மூன்று தாள்களைத் தேடுங்கள்: அன்றைய நுழைவு அனுமதிச் சீட்டு, காற்றைச் சோதித்த நேரமும் அளவும் எழுதிய பதிவு, ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேடு. பொதுத்துறை நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சீட்டில் சோதனை நேரம் காலை 8 மணி என்றும் சாவு மாலை 3 மணி என்றும் இருந்தால், இடையில் ஏன் மறுபடி சோதிக்கவில்லை என்பதே வழக்கு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் பெயரைக் கேளுங்கள். யார் பெயரும் இருக்காது.

இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். தொழிற்சாலைகள் சட்டமும் 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுள்ளன. பழைய சட்டத்தில் 20 தொழிலாளர் இருந்தாலே ஒப்பந்தக்காரர் உரிமம் வாங்க வேண்டும். புதிய தொகுப்பில் அது 50. தொட்டி சுத்தம் செய்ய ஆள் பிடித்து வரும் கடைசி உள்ஒப்பந்தக்காரரிடம் ஐம்பது பேர் இருக்கமாட்டார்கள்.