மாணவன் கொண்டுவந்த கிணற்றுக் கல்

1978-ஆம் வருஷம் என்று நினைவு. ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் இந்திய மண் வகைகள். "தக்காணத்தில் எரிமலைக் குழம்பு இறுகிப் பாறையானது, அது மக்கிக் கரிசல் ஆனது. நம்ம ஊரும் கரிசல் பூமிதான்" என்று சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா கிணறு வெட்டுகிறவர்.

"சார், எங்கப்பா வெட்டுற கிணத்துல கரிசல், அதுக்குக் கீழ சுக்கான், அப்புறம் பாறை வருது. பாறைக்குள்ள செவப்பா மாதுளை முத்து மாதிரி இருக்கு. எரிமலைக் கல்லுல அப்படி இருக்குமா சார்?"

மறுநாள் ஒரு கல்லையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல அந்த வயதில் மனசு வரவில்லை. "புத்தகத்துல இல்லாததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதல" என்றேன். வகுப்பு சிரித்தது. அதன்பிறகு அவன் கேள்வி கேட்டதில்லை. கல் மட்டும் என் மேஜையிலேயே தங்கிவிட்டது, பேப்பர் பறக்காமல் இருக்க.

ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்து, நிலவியல் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கல்லைக் கையில் எடுத்தாள். "தாத்தா, இந்தச் சிவப்பு முத்து கார்னெட். இந்தக் கல் பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல வெந்து வந்தது" என்றாள். அவளிடம் கேட்டும், அவள் கொடுத்ததைப் படித்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. மகாராஷ்டிரக் கரிசலுக்கு எரிமலைப் பாறைதான் தாய். நம் கரிசலுக்குக் கீழே இருப்பது அது அல்ல. நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகப் பழைய பாறைகள். பையன் கேட்டது சரி.

சார்னோக்கைட் என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதன்மேல் வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைப்பது அதே வகைக் கல்தான். 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்தார். தண்ணீர்ச் சத்து ஏறக்குறைய இல்லாத, கடும் வெப்பத்தில் உருவான பாறை அது.

எவ்வளவு வெப்பம்? ராஜபாளையம் பக்கத்துப் பாறைகளில் சாஃபிரின் என்ற நீலக் கனிமம் கிடைத்திருக்கிறது. அதையும் கூட இருக்கும் கனிமங்களையும் வைத்துக் கணக்கிட்டதில், அவை 900 டிகிரி செல்சியஸுக்கும் மேலே வெந்தவை என்று தெரிந்தது. காலம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆழம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இரண்டு கண்டங்கள் மோதி மலை எழும்பினால் அடிப்பகுதி சூடேறும், சரி. ஆனால் மோதல் மட்டும் இவ்வளவு சூட்டைத் தராது. அடுப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

அதற்குக் கடலுக்குள் போக வேண்டும். உலகக் கடல்களின் அடியில் சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சியில் பூமி பிளந்து, உள்ளிருந்து குழம்பு வந்து இறுகி, புதுத் தரையாக இரண்டு பக்கமும் விலகிப் போகிறது. இதை நிரூபித்ததில் நம் இந்தியப் பெருங்கடலுக்கும் பங்கு உண்டு. 1962-இல் ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பல் அரபிக்கடல் பக்கத்துக் கார்ல்ஸ்பர்க் தொடரில் காந்த அளவுகளை எடுத்தது. அதைக்கொண்டு வைன், மேத்யூஸ் என்ற இருவர் 1963-இல் எழுதிய கட்டுரைதான் கடல்தளம் விரிகிறது என்பதற்குப் பெரிய ஆதாரம்.

பழைய கடல்தரை எங்கே போகிறது? கண்டத்தின் விளிம்பில் அடியில் செருகி அமிழ்ந்துவிடுகிறது. சில இடங்களில் தரை மட்டும் அல்ல, அந்த நடுக்கடல் தொடரே போய் அமிழ்கிறது. அப்போது என்ன ஆகும்? மேலே இருந்தபோது இரண்டு தட்டும் விலகிய இடைவெளியைக் குழம்பு வந்து இறுகி நிரப்பியது. கீழே போனபின் அப்படி இறுகுவதில்லை. தட்டுகள் விலகிக்கொண்டே போக, நடுவில் ஒரு ஜன்னல் திறக்கிறது. அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவே கிடந்த தகரத்தை உருவிவிட்ட மாதிரி. கீழே உள்ள கொதிக்கும் கவசப் பாறை அந்த வழியாக ஏறி, மேலே உள்ள கண்டத்தின் அடியை நேராகச் சுடுகிறது.

இது இன்றும் நடக்கிறது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் டைடாவோ தீபகற்பத்துக்கு அருகே, தெற்கே 46 டிகிரியில், சிலித் தொடர் கண்டத்துக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குத் தெற்கே ஆண்டிஸ் மலையின் எரிமலை வரிசை கொஞ்ச தூரம் அறுந்து கிடக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நமக்கு வடக்கே, பாலக்காட்டிலிருந்து காவிரியை ஒட்டிப் போகும் பகுதியில், மொசாம்பிக் கடல் என்று பெயர் வைத்திருக்கும் ஒரு பழைய கடல் மூடியது. அதன் தரையின் துண்டுகள் மணமேடு பக்கம் கிடக்கின்றன. அந்தக் கடல் மூடியபோதுதான் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தது. ஒரு பக்கம் பெரும் அழுத்தத்தில் உருவான பாறை, இன்னொரு பக்கம் பெரும் வெப்பத்தில் உருவான பாறை என்று ஜோடியாக இருப்பதைப் பார்த்து, கேரளத்துக்காரரான எம். சந்தோஷும் திமோத்தி குஸ்கியும் 2010-இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். கடல்தொடர் அமிழ்ந்து ஜன்னல் திறந்ததே அந்த அடுப்பு என்று.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மோதலில் தடித்த மலை நெடுங்காலம் அப்படியே நின்றதால், பாறைக்குள் இருந்த தோரியம், யுரேனியம் போன்றவற்றின் சொந்தச் சூடே போதும் என்பது இன்னொரு கட்சி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதை நினைத்தால் அதையும் தள்ள முடியவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

இதே போன்ற விளக்கத்தை இமயத்துக்கு வடக்கேயும் சொல்கிறார்கள். தெற்குத் திபெத்தில் சுமார் 9 கோடி ஆண்டு வயதுள்ள சார்னோக்கைட் கிடைத்திருக்கிறது. இந்தியா போய் மோதுவதற்கு முன்பு, டெதிஸ் கடலின் நடுத்தொடர் அங்கே அமிழ்ந்ததன் அடையாளம் அது என்று 2010-இல் சீன அறிஞர்கள் எழுதினார்கள். பல்லாவரத்துக் கல்லின் பெயர் திபெத்தில் போய் நிற்கிறது!

ஆக, நம் கரிசல் காடு ஒரு பெரிய மலையின் வேர். மேலே இருந்த பாறை எல்லாம் மழையிலும் வெயிலிலும் கரைந்துபோக, அடிப்பாகம் வெளியே தெரிகிறது. மேற்கே தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்றைய உயரம் வெகுகாலம் பின்னால் வந்தது. அது வேறு கணக்கு.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பையனைப் பார்த்தேன். பையன் என்ன, அவருக்கே பேரன் இருக்கிறான். பத்தாவதோடு நின்று அப்பாவோடு கிணறு வெட்டப் போய், பிறகு போர் போடும் வண்டியில் வேலை பார்த்தாராம். மறுநாள் கல்லை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு நீங்க கேட்டது சரி, நான் சொன்னது தப்பு" என்று சொல்லி, மேலே எழுதியதையெல்லாம் விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரி சார், இந்தப் பாறையில தண்ணி எங்க இருக்கும்?" என்றார்.

"மேல மக்கின பகுதியிலயும் கீழ வெடிப்புலயும்தான்" என்றேன்.

சிரித்தார். "அது எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும் சார். ஏன் அப்படின்னுதான் தெரியாம இருந்துச்சு."

கல்லை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். ஜன்னல் ஓரத்தில் பேரனுக்கு எட்டும் உயரத்தில் வைத்தார்.