யாருடைய திறன்? சூது, சீட்டு, போக்கர்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள், குறிப்பாக விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர்கள், இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில், களமசேரியில் வாடகை அறை ஒன்றில் தங்கியிருந்தபோது, கைப்பேசியில் பணம் கட்டிப் போக்கர் ஆடத் தொடங்கினேன். முதலில் கட்டியது 500 ரூபாய். ஒரு வாரத்தில் அது 1,900 ரூபாய் ஆயிற்று. ஐந்தாம் வார முடிவில் என் உதவித்தொகையில் 14,000 ரூபாய் குறைந்திருந்தது. அன்றே கணக்கை மூடினேன். இதைவிடப் பன்மடங்கு இழந்தோர் உண்டு. ஆகவே தொகையைப் பற்றி எழுத வரவில்லை. செயலியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வரி தோன்றும்: இது திறன் சார்ந்த விளையாட்டு. தோற்ற பின்னும் அவ்வரி என்னை விடவில்லை. திறன் சார்ந்தது என்றால், அது யாருடைய திறன்? மொழியியல் படித்தவன் என்பதால் முதலில் சொற்களைத் தேடினேன். சொற்கள் தீர்ப்புகளிடம் கொண்டு சேர்த்தன.

நான் தங்கியிருந்த வீட்டின் கீழ்த்தளத் திண்ணையில் மாலைதோறும் இருபத்தெட்டு ஆடுவார்கள். பணம் வைக்காத ஆட்டம். குலானுக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஓர் இனத்துக்கு 7 புள்ளி, நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. அங்கே புழங்கும் 'துருப்பு', 'கிளாவர்' ஆகிய சொற்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. ஆங்கிலத்தின் 'டிரம்ப்', 'கிளப்' ஆகியவற்றைவிட டச்சு மொழியின் 'த்ரூஃப்', 'கிளாவர்' ஆகியவற்றுக்கே இவை ஒலியளவில் நெருக்கமானவை. கொச்சி 1663 முதல் 1795 வரை டச்சுக்காரர் வசம் இருந்தது. 'இஸ்பேட்' என்பதோ போர்த்துக்கேயத்தின் 'எஸ்பாத'விலிருந்தும் வந்திருக்கலாம், ஆங்கிலத்தின் 'ஸ்பேட்'இலிருந்தும் வந்திருக்கலாம். சொல்முதல் மெய்ம்மயக்கத்தின் முன் இகரம் சேரும் நம் வழக்கம் அதன் ஊர் அடையாளத்தை அழித்துவிட்டது. மட்டாஞ்சேரியில் போர்த்துக்கேயர் கட்டிய அரண்மனை இன்று டச்சு அரண்மனை என வழங்குவதைப் போல, இச்சொற்களும் அடுக்கடுக்காகப் படிந்தவை.

அத்திண்ணையில் நானும் புதியவனாகவே உட்கார்ந்தேன். தவறாக இறக்கினால் எதிரே இருக்கும் கூட்டாளி திட்டுவார். தோற்றால் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டம் வரை இருக்க வேண்டும். கற்றுக்கொள்வதற்கு நான் கொடுத்த விலை அவ்வளவே. கைப்பேசியில் ஆடிய ஆட்டத்திலும் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. ஆனால் அங்கே விலை வேறு. இந்த வேறுபாட்டை நம் பழைய சொற்கள் அறிந்திருந்தன, பின்வந்த சட்டம் கவனிக்கவில்லை என்பதே இப்பதிவின் சாரம்.

'சூது' என்னும் சொல்லை வடமொழி 'த்யூத'த்தோடு தொடர்புபடுத்துவர். மலையாளத்திலும் அதே சொல்லே. தமிழில் அதற்கு இரு பொருள்: பணயம் வைத்து ஆடுதல் ஒன்று, வஞ்சனை, தந்திரம் மற்றொன்று. 'சூதுவாது அறியாதவர்' என்கிறோமே, அங்கே வருவது இரண்டாம் பொருள். அதாவது தமிழில் சூதுக்கு எதிர்ச்சொல்லாகத் திறன் நிற்பதில்லை. ஒருவகைத் திறன் சூதின் உள்ளேயே குடியிருக்கிறது. திருக்குறளின் 94ஆம் அதிகாரத்திலும் இதைக் காணலாம். வறுமைக்கு உள்ளாவோர் விடாது பற்றும் மூன்றைக் குறள் ஓரிடத்தில் அடுக்குகிறது: கவறு, கழகம், கை. கழகம் என்பது அங்கே சூதாடும் களம். பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாம் இதை நினைவிற்கொள்வது நல்லது. 'கை' என்பதைப் பரிமேலழகர் ஆட்டத்துக்கு வேண்டிய கைத்தொழில் என விளக்குகிறார். கைத்தொழில் என்றால் தேர்ச்சி. தேர்ச்சியும் கெடுக்கும் பொருள்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. அவ்வதிகாரத்தின் முதற்குறள் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை, வெற்றியைப் பற்றிப் பேசுகிறது. வென்றதை மீன் விழுங்கிய தூண்டிலிரும்புக்கு ஒப்பிடுகிறது. என் முதல் வாரத்து 1,900 ரூபாயை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க இயலாது.

மகாபாரதச் சூதிலும் இதுவே நிகழ்கிறது. தருமனுக்கு ஆட்டத்தில் ஆசை உண்டு, ஆடத் தெரியாது என்பதைச் சகுனி முன்னரே சொல்லிவிடுகிறான். அந்த ஆட்டத்தில் திறன் இருந்தது. அது சகுனியிடம் இருந்தது.

ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் இவ்வுறவை இரண்டாகப் பிளந்தது. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் வெறும் திறனால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டத்திலும் 1960ஆம் ஆண்டின் கேரளச் சூதாட்டச் சட்டத்திலும் இதே விலக்கு இடம்பெற்றது. வாய்ப்பு என்றால் சூது, திறன் என்றால் விளையாட்டு என்ற பாகுபாடு இவ்வாறு நிலைபெற்றது.

விடுதலைக்குப் பின் உச்சநீதிமன்றம் இதை மூன்று படிகளில் விரித்தது. 1957இல் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கில், சூதாட்டம் அரசமைப்பு காக்கும் வணிகமன்று என்றும், கணிசமான திறன் தேவைப்படும் போட்டிகள் அக்காப்பைப் பெறும் என்றும் கூறியது. 1967இல் செகந்திராபாத் மன்றம் ஒன்றைப் பற்றிய சத்யநாராயணா வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறன் ஆட்டமே என்றது: விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்திருப்பது எதைக் கழிப்பது எனத் தேர்ந்தறிய வேண்டும், மூன்று சீட்டு போல முற்றிலும் வாய்ப்பைச் சார்ந்ததன்று. ஆனால் ஆட்டத்திலிருந்து மன்றத்தார் இலாபம் ஈட்டினால் அது குற்றமாகக்கூடும் என்றும் அதே தீர்ப்பு குறித்தது. 1996இல் கிண்டிக் குதிரைப்பந்தயம் தொடர்பான கே.ஆர். லட்சுமணன் வழக்கில், 'வெறும் திறன்' என்பதற்கு 'மேலோங்கிய திறன்' எனப் பொருள் கொண்டது.

இணையப் போக்கர் இம்மூன்று தீர்ப்புகளின் மீதே ஏறி நின்றது. ரம்மிக்குச் சொன்னது போக்கருக்குப் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபடவில்லை; 2017இல் குஜராத் உயர்நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டம் என்றது. கேரள அரசு 2021 பிப்ரவரியில், பணயம் வைத்து இணையத்தில் ஆடும் ரம்மிக்கு விலக்கில்லை என அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கேரள உயர்நீதிமன்றம் அவ்வறிவிப்பை நீக்கியது. தமிழ்நாடு 2021இல் இயற்றிய தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஆகஸ்ட் 3 அன்று செல்லாதெனக் கூறியது. பின்னர் நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022இல் புதிய சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பியனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதன் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்கள் என்று பெயர் சுட்டியது. 2023 நவம்பர் 9 அன்று உயர்நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி, அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. இரண்டும் திறன் ஆட்டங்களே என்பது முடிவு.

இத்தீர்ப்புகளைச் சட்டம் பயிலும் நண்பர் ஒருவரோடு அமர்ந்து வாசித்தபோது ஒன்று புலப்பட்டது. எல்லா இடத்திலும் கேள்வி ஆட்டத்தைப் பற்றியது, ஆடுபவரைப் பற்றியதன்று. போக்கரில் திறன் உண்டா? உண்டு, ஐயமில்லை. 52 சீட்டுகளில் கையில் வரும் இரு சீட்டுகள் 1,326 வகையாக அமையலாம். அவற்றுள் 78 மட்டுமே இணை. 17 முறைக்கு ஒருமுறை வரும். இதை அறிந்தவர் பெரும்பாலான கைகளைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கியிருப்பார். புதியவருக்கு ஒதுங்கியிருக்கப் பொறுமையில்லை, கிடைத்ததையெல்லாம் ஆடுவார். நானும் அப்படித்தான் ஆடினேன். ஓரிரவில் வாய்ப்பு என்னைக் காப்பாற்றலாம். ஆயிரக்கணக்கான கைகளில் திறன் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நீதிமன்றம் கண்ட திறன் உண்மையே. அது மேசையின் எதிர்ப்புறத்தில் இருந்தது.

இதற்கு மேல் தளத்தின் தரகு. ஆறு பேர் ஆளுக்கு 500 ரூபாயுடன் அமர்ந்தால் மேசையில் 3,000 ரூபாய். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் தொகை 200 எனவும், தளம் எடுப்பது 4 விழுக்காடு எனவும் கணக்குக்காகக் கொள்வோம். நூறு ஆட்டங்களில் 800 ரூபாய் மேசையை விட்டு நீங்கிவிடும். எஞ்சிய 2,200க்குத்தான் ஆறு பேரின் போட்டி. வெல்வதற்கு மற்றவரைவிடத் தேர்ந்திருந்தால் போதாது. தரகையும் தாண்டுமளவு தேர்ந்திருக்க வேண்டும். ஆகவே தேர்ந்தவருக்கும் புதியவர்கள் வந்துகொண்டே இருப்பது தேவை.

இங்கே ஒரு முரண் உண்டு. கேரள அரசு 1967இல் தொடங்கிய பரிசுச்சீட்டு இன்றும் தெருத்தோறும் விற்கிறது. தமிழ்நாடு 2003இல் அதைத் தடைசெய்தது. அது முழுக்க வாய்ப்பு. வாங்குவோருக்கு மொத்தத்தில் இழப்பே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இருபது ஆண்டு வாங்கியவரும் இன்று முதன்முதலாக வாங்குபவரும் அங்கே சமம். ஒருவரது அறியாமையை அடுத்தவர் அறுவடை செய்ய இயலாது. புதியவர் நிலையிலிருந்து நோக்கினால், சட்டம் மேலெனக் கருதிய திறன் ஆட்டமே அவருக்குக் கூடுதல் ஏற்றத்தாழ்வுடையது. திறன் மிகுந்த அளவுக்குப் புதியவருக்கு ஆபத்தும் மிகுதி.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றி, 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், திறனோ வாய்ப்போ இரண்டின் கலவையோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது. இதை எதிர்த்த வழக்குகளை உச்சநீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான கேள்விக்கு இச்சட்டம் விடை கூறவில்லை, கேள்வியையே ஒதுக்கிவிட்டது. முழுத்தடை சரியா என்பதில் எனக்கே உறுதியான முடிவில்லை. ஆனால் தடை நீடித்தாலும் நீங்கினாலும், 'திறன் சார்ந்தது' என்ற வரி ஏதேனும் ஒரு திரையில் புதியவர் ஒருவருக்காகக் காத்திருக்கும். அவ்வரியை ஓர் உறுதிமொழியாக நான் வாசித்தேன்; எச்சரிக்கையாக வாசித்திருக்க வேண்டும்.

உங்கள் அறைத்தோழர் யாரேனும் முதல் வார வெற்றியைக் காட்டினால், எதிரே அமர்ந்திருப்பவர் எத்தனை ஆண்டு ஆடியவர் என்று மட்டும் கேளுங்கள். ஏற்கெனவே இழந்தவராயின் அறிவுரை வேண்டாம். வீட்டில் சொல்ல அவருக்குத் துணையாக இருங்கள். நான் அப்பாவிடம் சொல்ல நான்கு மாதம் ஆயிற்று.

சட்டத்துறை நண்பர்கள் பிழை கண்டால் சுட்டுக, திருத்திக்கொள்கிறேன். மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சித் தமிழர் வீடுகளில் வழங்கும் பழைய சீட்டாட்டச் சொற்கள் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதினால் நன்றியுடையேன்.