முகம் காட்டாத பச்சை ஆமை

1944 ஜூன் தேதியிட்டு அமெரிக்காவில் 'பிளேசிங் காமிக்ஸ்' என்றொரு இதழ் வந்தது. அதில் ஒரு சூப்பர்ஹீரோ அறிமுகமானார். பெயர் 'கிரீன் டர்ட்டில்', பச்சை ஆமை. சிரிப்பு வருகிறது, இல்லையா? சட்டை போடாத உடம்பு, முகமூடி, ஆமை வரைந்த பச்சை மேலங்கி. சீனாவை ஆக்கிரமித்த ஜப்பானியப் படையோடு சண்டை போடுவதுதான் வேலை. 5 இதழ்கள் வந்தார். அவ்வளவுதான்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1938இல் சூப்பர்மேன் வந்து சக்கைப்போடு போட்டதும், அச்சு இயந்திரம் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு ஹீரோவை இறக்கினார்கள். இதழ் விலை 10 சென்ட். ஓடினால் தொடரும், ஓடாவிட்டால் அடுத்த மாதம் வேறொருவர். இப்படி வந்த வேகத்தில் காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அந்தக் கூட்டத்தில் நான் பச்சை ஆமையிடம் நின்றதற்குக் காரணம், அவர் முகம். இன்னும் சரியாகச் சொன்னால், அவர் முகம் கண்ணில் படாததுதான்.

அந்தப் பக்கங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் முதுகைக் காட்டியபடி நிற்பார். திரும்பினால் குத்துவிடத் தூக்கிய அவரது கையே முகத்தை மறைக்கும். இல்லையென்றால் நிழல் விழும், மேலங்கி குறுக்கே பறக்கும். இத்தனைக்கும் ஆள் ஏற்கெனவே முகமூடி போட்டிருக்கிறார்! துணைக்கு வரும் 'பர்மா பாய்' என்ற சிறுவன், நீங்கள் எப்படிப் பச்சை ஆமை ஆனீர்கள் என்று கேட்பான். அவர் சொல்லத் தொடங்குவார். உடனே ஏதாவது ஆபத்து வந்து கதை நின்றுவிடும். கடைசிவரை சொல்லவே இல்லை.

வரைந்தவர் சூ எஃப். ஹிங், சீன அமெரிக்கர். காமிக்ஸ் வட்டாரத்தில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. ஹிங் தன் ஹீரோவைச் சீனராகவே வைக்க விரும்பினார், பதிப்பகம் ஒப்புக்கொள்ளவில்லை, அதனால்தான் முகத்தையே காட்டாமல் வரைந்தார் என்று. ஹீரோவின் தோலுக்கு அச்சில் பளீரென்று இளஞ்சிவப்பு பூசியிருக்கிறார்கள். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது பாருங்கள்.

இது வதந்திதான். ஆனால் மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு இந்த வகைக் கீழ்ப்படிதல் நன்றாகப் புரியும். கேட்டதை மறுக்க முடியாது, செய்யவும் மனசு வராது. அப்போது சொன்னதை மீறாமலே சுற்றிப்போக ஒரு வழி கண்டுபிடிப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகத்தை ஒளித்து வைப்பது சும்மா வரைவதைவிடக் கூடுதல் வேலை. 5 இதழ்களுக்கு அந்த வேலையை ஒருவர் காரணமில்லாமல் செய்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

காலத்தையும் பாருங்கள். சீனத் தொழிலாளர் குடியேறக் கூடாதென்று அமெரிக்கா 1882இல் போட்ட சட்டம் 1943 டிசம்பரில்தான் ரத்தானது. சீனா போரில் கூட்டாளி ஆகிவிட்டதே, வேறு வழி? அப்போதும் ஆண்டுக்குச் சுமார் 105 சீனர்களுக்குத்தான் அனுமதி. காமிக்ஸில் சீன முகமே இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. 1937 மார்ச்சில் வந்த 'டிடெக்டிவ் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டை முழுக்க ஒரு சீன முகம்தான். வில்லன்! வில்லனாக இருந்தால் முகம் அட்டைக்கே போகலாம். ஹீரோவுக்குத்தான் தடை.

ஹிங்கைத் தியாகி ஆக்கிவிடவும் வேண்டாம். அவர் பக்கங்களில் ஜப்பானியர்கள் அந்தப் போர்க்கால வழக்கப்படி கோரமாகத்தான் இருக்கிறார்கள். தன் ஆளுக்கு ஒரு மனித முகம் கேட்டவர் என்று நாம் நம்பும் அதே கைதான் அவர்களையும் வரைந்தது.

இனி கதையின் நல்ல பகுதி. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 ஆண்டுகள் கழித்துக் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். ஓடாத ஹீரோவுக்கு யார் புதுப்பிப்பார்கள்? பச்சை ஆமை பொதுச்சொத்தானார். சூப்பர்மேனின் முதல் கதைக்கே 2034 வரை காத்திருக்க வேண்டும். மறக்கப்பட்டதில் இப்படி ஒரு லாபம்.

கைவிடப்பட்ட ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டை யாரோ எடுத்து ஓடவிடுவது மாதிரி, 2014இல் ஜீன் லுவென் யாங் எழுத, சோனி லியூ வரைய, 'தி ஷேடோ ஹீரோ' வந்தது. ஹிங் சொல்லாமல் விட்ட பிறப்புக்கதை அதில் இருக்கிறது. நாயகன் ஹாங்க், சைனாடவுன் மளிகைக்கடைக்காரரின் மகன். சூப்பர்ஹீரோ ஆகவேண்டும் என்பது அவன் ஆசையே இல்லை, அம்மாவின் ஆசை! அந்த இளஞ்சிவப்புத் தோலுக்கும் யாங் ஒரு காரணம் வைத்திருக்கிறார். அம்மாவின் முயற்சி ஒன்றில் ரசாயனம் பட்டு, நனைந்தால் மட்டும் அவன் தோல் அந்த நிறத்துக்கு மாறும். ஒரு சமூகத்தின் முகத்தை மறைக்கப் பூசிய நிறத்தை நகைச்சுவையாக மாற்றிவிட்டார்கள்.

புத்தகத்தின் கடைசியில் ஹிங் வரைந்த முதல் கதையையும் சேர்த்திருக்கிறார்கள். யாங்கின் கதையைப் படித்துவிட்டு அந்தப் பக்கங்களுக்கு வாருங்கள். ஹீரோ அங்கே இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார். ஆனால் அது யாருடைய முகம் என்று இப்போது நமக்குத் தெரியும்.